ஊர் பார்க்கவா, உள்ளம் நிறையவா?

தாம்பரம் மேற்கில் கடை நடத்தும் சகோதரர் ஒருவர் எனக்கு நீண்ட நாள் பழக்கம். காலை ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்தால் இரவு பத்தரைக்குத்தான் ஷட்டரை இறக்குவார். அப்படி உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொட்டி, மகளின் திருமணத்தை ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு பெரிய மண்டபத்தில் நடத்தினார். வாசலில் ஆளுயர பிளக்ஸ், பூவால் மூடிய மேடை, தலைக்கு மேலே பறக்கும் கேமரா, ஆயிரம் பேருக்கு மேல் பந்தி. இரண்டு வகை பிரியாணி, நான்கு வகை இனிப்பு. கையிருப்பு போதாமல் வெளியில் கடனும் வாங்கினார்.

ஆறு மாதம் கழித்துச் சந்தித்தபோது, "கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு, சந்தோஷம்தானே பாய்?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "அன்னிக்கு நான் சாப்பிட்டேனா இல்லையான்னே ஞாபகம் இல்ல பாய். வாசல்ல நின்னு கை குடுத்துக்கிட்டே இருந்ததுதான் ஞாபகம். ஆனா அதுக்கு முந்தின ராத்திரி, ஊர்லேருந்து வந்த சொந்தக்காரங்க எல்லாரும் மொட்டை மாடியில ஜமக்காளம் விரிச்சு உக்காந்து விடிய விடியப் பேசிட்டிருந்தோம். என்னைக் கேட்டா அதுதான் கல்யாணம்!"

மண்டபத்துக்குப் பல லட்சம். மொட்டை மாடிக்கு நாலைந்து ஃப்ளாஸ்க் தேநீர். நெஞ்சில் நின்றது எது?

சகோதரர்களே! பணம் ஒரு பொருட்டே அல்ல என்று உபதேசம் செய்ய இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. வாடகை, பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு என்று மாதம் பிறந்தாலே நெஞ்சு பதறும் குடும்பத்திடம் போய், பணத்தில் மகிழ்ச்சி இல்லை என்று சொல்வது கொடுமை. வறுமை துன்பம்தான். அதிலிருந்து மீள உழைப்பதும் சம்பாதிப்பதும் கடமை. நம் கேள்வி அதற்கு அடுத்தது. சம்பாதித்த பணத்தை எப்படிச் செலவழித்தால் அது மகிழ்ச்சியாகத் திரும்பி வரும்? சம்பாதிக்கும் வழியைப் பற்றி நாள் முழுவதும் பேசும் நாம், செலவழிக்கும் வழியைப் பற்றி ஒரு நாளாவது உட்கார்ந்து யோசித்திருக்கிறோமா?

புதுசு எத்தனை நாளைக்கு?

முதலில் வாலிபர்களிடம் பேசுவோம். குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் பெரிய ஷோரூம்கள் வந்துவிட்டன. முன்பெல்லாம் பெருநாளைக்குத் துணி எடுக்க வேண்டுமென்றால் மின்சார ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்கி ரங்கநாதன் தெருவில் முட்டி மோத வேண்டும். இன்று எல்லாம் காலடியில் கிடைக்கிறது. அதோடு சேர்ந்து தவணையும் கிடைக்கிறது. கையில் காசு இல்லாவிட்டாலும் பைக் கிடைக்கும், விலை உயர்ந்த செல்போன் கிடைக்கும்.

பைக்கை எடுத்த முதல் வாரம் அதன் மேல் ஒரு தூசி பட விடமாட்டான் நம் தம்பி. நண்பர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். மூன்றாவது மாதம் அது மற்ற பைக்குகளோடு நிற்கும் ஒரு பைக். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தவணை மட்டும் நிற்பதில்லை. மாதம் 5,000 ரூபாய் வீதம் 36 மாதம் என்றால் 1,80,000 ரூபாய். பைக் தந்த மகிழ்ச்சி மூன்று மாதம், சுமை மூன்று வருடம். வட்டியின் பாவம் தனிக் கணக்கு.

மனித மனம் எதற்கும் பழகிவிடும். துன்பத்துக்குப் பழகுவது போலவே வசதிக்கும் பழகிவிடும். 1978-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. இல்லினாய் மாநில லாட்டரியில் பெருந்தொகை விழுந்த 22 பேரையும், பரிசு விழாத 22 பேரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பரிசு பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி அதிக மகிழ்ச்சியோடு இல்லை. அது மட்டுமல்ல, காலைச் சிற்றுண்டி, நண்பரோடு பேச்சு போன்ற அன்றாடச் சின்னச் சின்ன இன்பங்களை அவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே ரசித்தார்கள். தமிழகத்தில் லாட்டரிச் சீட்டுக்கு 2003-ல் தடை விதித்தார்கள். ஆனால் "ஒரு பெரிய தொகை வந்துவிட்டால் வாழ்க்கையே மாறிவிடும்" என்கிற லாட்டரி மனப்பான்மைக்கு யார் தடை விதிப்பது?

பார்வைக்குக் கொடுக்கும் விலை

நம் செலவுகளில் பெரும்பகுதி நமக்காகச் செய்யப்படுவதில்லை. நம்மைப் பார்ப்பவர்களுக்காகச் செய்யப்படுகிறது. எதிர்வீட்டுக்காரர் பார்க்க வேண்டும், சம்பந்தி வீட்டார் பார்க்க வேண்டும், பக்கத்துக் கடைக்காரர் பார்க்க வேண்டும். இந்தப் பார்வை ஒரு நிமிடம் நிற்கும். பிறகு அடுத்தவர் மண்டபத்துக்கும் அடுத்தவர் காருக்கும் போய்விடும். அதை மீண்டும் இழுக்க வேண்டுமானால் இன்னும் அதிகமாகச் செலவழிக்க வேண்டும். இந்தப் போட்டிக்கு முடிவே கிடையாது.

திருமணத்தைப் பாருங்கள். இஸ்லாம் அதை எவ்வளவு எளிமையாக்கித் தந்தது! மணமகன் மஹர் கொடுக்க வேண்டும் (4:4). தன் வசதிக்கேற்ப வலீமா விருந்து கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். நாமோ தலைகீழாக்கிவிட்டோம். பெண் வீட்டாரிடம் நகையும் ரொக்கமும் சீர்வரிசையும் கறக்கிறோம். மஹராக ஒரு சின்னத் தொகையை எழுதிவிட்டு வரதட்சணையை எழுதாமல் வாங்கிக்கொள்கிறோம். வசதி படைத்தவர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமா விருந்தே விருந்துகளில் மிகக் கெட்டது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். நம் மண்டப வாசலில் கைகொடுத்து வரவேற்கப்படுகிறவர் யார், பின்வாசலில் பாத்திரத்தோடு நிற்கிறவர் யார் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தால் போதும்.

இதில் யாருக்கு மகிழ்ச்சி? பெண்ணின் தந்தைக்கா? அவர் கடனில் இருக்கிறார். பெண்ணுக்கா? தன்னால் தந்தை கடனாளி ஆனார் என்ற வேதனையோடு வாழ்க்கையைத் தொடங்குகிறாள். மாப்பிள்ளைக்கா? வாங்கிய பணத்தில் எடுத்த கார் நான்கு மாதத்தில் பழசு. மாமனார் மனதில் விழுந்த கசப்பு நாற்பது வருடத்துக்கும் பழசாகாது.

2015 டிசம்பர் சொன்ன பாடம்

நம் பகுதி மக்களுக்கு இதைப் புரிய வைக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. 2015 டிசம்பர் 1-ஆம் தேதியை யாரால் மறக்க முடியும்? ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு கரை புரண்டது. முடிச்சூரும் வரதராஜபுரமும் தீவுகளாயின. தெருவில் படகு ஓடியது. தவணையில் வாங்கிய ஃபிரிட்ஜும் சோபாவும் கட்டிலும் தண்ணீரில் மிதந்தன. தண்ணீர் வடிந்த பிறகு அவையெல்லாம் சேறு படிந்து வாசலில் குப்பையாகக் குவிந்து கிடந்ததை நாம் கண்ணால் பார்த்தோம்.

அந்த நாட்களில் சென்னையிலும் புறநகரிலும் பள்ளிவாசல் கதவுகள் எல்லா மதத்தவருக்கும் திறந்திருந்தன. முஸ்லிம் அமைப்புகளின் தொண்டர்கள் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி முதியவர்களையும் குழந்தைகளையும் மீட்டார்கள். தேக்சாவில் சோறு வடித்து, பொட்டலம் கட்டி, மாடிகளில் தவித்தவர்களுக்குக் கொண்டு சேர்த்தார்கள். கையில் இருந்த காசுக்குப் பாலும் ரொட்டியும் பிஸ்கட்டும் வாங்கி, பெயர் தெரியாத வீடுகளில் கொடுத்துவிட்டு வந்த கல்லூரி மாணவர்கள் எத்தனை பேர்!

அன்று இறங்கி வேலை செய்த எந்த இளைஞரையும் இன்று நிறுத்திக் கேளுங்கள். "உன் வாழ்நாளில் நீ செலவழித்ததில் மனம் நிறைந்த பணம் எது?" என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்து மூன்று பேரிடம் கேட்டேன். மூவரும் சொன்னது வெள்ளத்தில் செலவழித்த பணத்தைத்தான். அதில் ஒருவர் செலவழித்தது வெறும் 800 ரூபாய். அன்று தன் பர்ஸில் இருந்தது அவ்வளவுதான் என்றார்.

வணிகர்களுக்கும் அந்த வாரம் ஒரு சோதனையாக வந்தது. ஒரு பால் பாக்கெட்டை நூறு ரூபாய்க்கு விற்றவர்களும் இருந்தார்கள். கடையில் இருந்ததை எடுத்து விநியோகித்துவிட்டு வெறும் கடையில் உட்கார்ந்திருந்தவர்களும் இருந்தார்கள். அந்த லாபம் இன்று யாரிடம் இருக்கிறது? அந்த நல்ல பெயர் இன்றும் தெருவில் பேசப்படுகிறது.

இதைத்தான் கனடா நாட்டு ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்தார்கள். 2008-ல் வெளிவந்த ஆய்வு அது. 46 பேருக்குக் காலையில் ஒரு கவர் கொடுத்தார்கள். சிலருக்கு 5 டாலர், சிலருக்கு 20 டாலர். மாலைக்குள் அதைச் செலவழிக்க வேண்டும். பாதிப் பேர் தமக்காக, மீதிப் பேர் பிறருக்காக. மாலையில் விசாரித்தபோது பிறருக்காகச் செலவழித்தவர்களே அதிக மகிழ்ச்சியோடு இருந்தார்கள். 5 டாலரா, 20 டாலரா என்பதில் வித்தியாசமே தெரியவில்லை. வேறு சிலரிடம் "எது அதிக மகிழ்ச்சி தரும்?" என்று கேட்டபோது, பெரும்பாலோர் தமக்காகச் செலவழிப்பதுதான், அதுவும் 20 டாலர்தான் என்றார்கள். அதாவது, தன் மகிழ்ச்சி எதில் இருக்கிறது என்று மனிதன் போடும் கணக்கே தப்பு! பணக்கார நாட்டுக்கு மட்டும் உரிய விஷயமும் அல்ல இது. பின்னர் 136 நாடுகளின் விவரங்களைத் திரட்டிப் பார்த்ததில், 120 நாடுகளில் கொடுக்கிறவர்களே கூடுதல் மனநிறைவோடு இருப்பது தெரிந்தது.

நேரத்தை யாரிடம் வாங்குவது?

இனி வணிகப் பெருமக்களிடம் ஒரு வார்த்தை. பாரிமுனையிலும் பர்மா பஜாரிலும் கடை வைத்துக்கொண்டு, இடம் விலை குறைவு என்று தாம்பரம், பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி பக்கம் வீடு கட்டி வந்தவர்கள் நம்மில் ஏராளம். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. அதுதான் இந்தப் புறநகரையே வளர்த்தது. ஆனால் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். வருடத்தில் 300 நாள் என்றால் 600 மணி நேரம். அதாவது முழுதாக 25 நாள், இரவும் பகலும் சேர்த்து, வருடா வருடம் ரயிலில் போகிறது.

ஜெர்மனியில் பல ஆண்டு விவரங்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2008-ல் வந்தது. வேலைக்கு நெடுந்தூரம் போய் வருகிறவர்கள் வாழ்க்கையில் குறைந்த திருப்தியோடு இருக்கிறார்கள், வீடு மலிவாகக் கிடைத்ததோ சம்பளம் கூடியதோ அந்தக் குறையை ஈடு கட்டவில்லை என்று அது காட்டியது. எனவே வீடு வாங்கும் இளைஞர்கள் சதுர அடியை மட்டும் கணக்குப் பார்க்கக் கூடாது. ஓர் அறை கூடுதலாக உள்ள வீட்டைத் தொலைவில் வாங்கிவிட்டு, அந்த அறையில் உட்காரவே நேரமில்லாமல் போனால் அது யாருக்காக?

கடை நேரமும் அப்படித்தான். வியாபாரி தன் கடையில் ஓர் ஆளைக் கூடுதலாக வைத்துக்கொள்ளத் தயங்குகிறார். "அவனுக்குக் குடுக்கிற சம்பளம் எனக்கு மிச்சம்" என்கிறார். மிச்சமாவது சம்பளம், செலவாவது பிள்ளைகள் வளரும் காலம். இரவு பதினொரு மணிக்கு வீடு போய்ச் சேரும்போது பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள். காலையில் அவர்கள் பள்ளிக்குப் போகும்போது இவர் அசதியில் தூங்குகிறார். ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு வாப்பாவும் பிள்ளையும் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை சந்தித்துக்கொள்கிறார்கள்.

2017-ல் அமெரிக்கா, கனடா, டென்மார்க், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் 6,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில், தன் நேரத்தை மிச்சப்படுத்திக்கொள்ளப் பணம் செலவழிப்பவர்கள் அதிகத் திருப்தியோடு வாழ்வதாகத் தெரியவந்தது. அதே ஆய்வில் இன்னொரு செய்தி. 800-க்கும் மேற்பட்ட கோடீஸ்வரர்களைக் கேட்டதில், ஏறக்குறையப் பாதிப் பேர் அப்படி ஒரு காசும் செலவழிப்பதில்லை. நம் முதலாளிமார்கள் உலகில் தனியாக இல்லை!

மாதம் கொஞ்சம் கூடுதல் சம்பளம் கொடுத்து நம்பிக்கையான ஒருவரை வைத்தால், வாரத்தில் மூன்று நாளாவது இஷாவுக்குப் பிறகு குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடலாம். ஓர் ஏழைக் குடும்பத்துக்கு வேலையும் கிடைக்கும். மனிதன் செலவழிக்கும் காசுகளில் தன் குடும்பத்துக்காகச் செலவழிக்கும் காசுக்கே கூலி அதிகம் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். குடும்பத்துக்குத் தேவைப்படுவது காசு மட்டுமா? அந்தக் காசைக் கொண்டுவரும் மனிதரும்தானே!

கூட்டிக்கொண்டு போங்கள்

பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு செல்போன் வாங்கிக் கொடுத்துத் தனித்தனி மூலையில் உட்கார வைப்பதற்குப் பதில், அவர்களைக் கூட்டிக்கொண்டு வெளியே போங்கள். பக்கத்திலேயே வண்டலூர் பூங்கா இருக்கிறது. 1855-ல் சென்னையில் தொடங்கிய விலங்குக் காட்சிசாலை, 1985-ல் இங்கே காட்டுக்குள் வந்தது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்க்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் நாம் எத்தனை முறை போயிருக்கிறோம்? செவ்வாய்க்கிழமை விடுமுறை, மற்ற நாளில் போகலாம். புளிச்சோறும் முட்டையும் கட்டிக்கொண்டு போனால் ஓட்டல் செலவும் இல்லை. கோவளம் கடற்கரைக்குப் போகலாம். உம்மாவையும் உடன் கூட்டிச் செல்லலாம். பொருளின் மதிப்பு வாங்கிய மறுநாளிலிருந்து இறங்கும். இப்படிப் போய் வந்த நாளின் மதிப்பு, வருடம் போகப் போக ஏறும். மழையில் நனைந்து திரும்பியதுகூடப் பிறகு சொல்லிச் சிரிக்கும் கதையாகிவிடும்.

முகம் பார்த்துக் கொடுங்கள்

'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று கீழக்கரை வள்ளலைத் தமிழகமே புகழ்கிறது. ஆனால் உயிரோடு இருக்கும்போது கொடுப்பவருக்குக் கூடுதலாக ஒன்று கிடைக்கிறது. பெறுகிறவரின் முகத்தைப் பார்க்கும் பாக்கியம் அது. அதே கீழக்கரையில் பிறந்து வணிகத்தில் உயர்ந்த பி.எஸ். அப்துர் ரஹ்மான், 1984-ல் நம் வண்டலூரில் கிரசென்ட் பொறியியல் கல்லூரியைத் தொடங்கினார். 2015-ல் அவர் மறையும் வரை முப்பது ஆண்டுகள், பிள்ளைகள் அங்கே படித்துப் பட்டம் பெற்று வெளியேறுவதைக் காணும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. எந்த மாளிகை அதைத் தரும்?

நம்மால் கல்லூரி கட்ட முடியாது. ஒரு மாணவியின் ஒரு பருவக் கட்டணத்தைக் கட்ட முடியும். ரமளானில் ஒரு நாள் நோன்புக் கஞ்சியின் செலவை ஏற்க முடியும். அப்படி ஏற்றுக்கொண்டால் ரசீதை வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள். அன்று அஸருக்குப் பிறகு பள்ளிவாசலில் நின்று, தூக்குவாளியோடு வரிசையில் வரும் பிள்ளைகளுக்கு நீங்களே ஊற்றுங்கள். அக்கம்பக்கத்து இந்து, கிறிஸ்தவச் சகோதரிகளும் வருவார்கள். அவர்கள் பாத்திரத்திலும் நிறைய ஊற்றுங்கள். கொடுத்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியும்போதுதான் கொடுத்தவர் மனம் நிறைகிறது. வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்பது ஊருக்கு விளம்பரம் செய்யாதே என்பதற்குத்தான். ஏழையின் முகத்தையே பார்க்காமல் இருப்பதற்கு அல்ல.

ஊர் என்ன சொல்லும்?

இங்கே ஒரு கேள்வி எழலாம். "நாலு பேர் மதிக்க வேண்டாமா? பகட்டு இல்லாவிட்டால் வியாபாரத்தில் கடன்கூடக் கிடைக்காதே!" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சந்தையில் பெயர் வேண்டும். ஆனால் மொத்த வியாபாரி நம்மை நம்பிச் சரக்கு இறக்குவது நம் காரைப் பார்த்தா, சொன்ன தேதியில் பணம் கொடுப்பதைப் பார்த்தா? தண்டலுக்கு வாங்கிப் பகட்டு காட்டியவர்களின் கடைகள் எத்தனை பூட்டப்பட்டன என்பது சந்தைக்குத் தெரியும். கடனை அடைப்பதும் ஒரு செலவுதான். அதில் ஊர் பார்க்க ஒன்றும் இருக்காது. ஆனால் கடைசித் தவணையைக் கட்டிவிட்டு வந்து படுக்கும் இரவின் தூக்கத்துக்கு ஈடு எது? கடன் சுமையிலிருந்து பாதுகாப்புத் தேடி நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்து வந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

கஞ்சத்தனத்தையும் நாம் சொல்லவில்லை. கையைக் கழுத்தில் கட்டிக்கொள்ளவும் வேண்டாம், முழுவதுமாக விரித்துவிட்டு நொந்துபோய் உட்காரவும் வேண்டாம் என்பதே திருமறை (17:29) காட்டும் நடுவழி. நல்ல உணவு உண்ணுங்கள், நல்ல உடை உடுத்துங்கள். அது உங்களுக்காக இருக்கட்டும், எதிர்வீட்டு ஜன்னலுக்காக வேண்டாம்.

ஒன்று செய்யுங்கள். இன்று இரவு கடை மூடிய பிறகோ, வேலையிலிருந்து வந்த பிறகோ, ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். சென்ற மாதச் செலவை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, "இது யார் பார்க்கச் செய்தது? யாரோடு இருக்கச் செய்தது? யாருக்குக் கொடுத்தது?" என்று குறியுங்கள். முதல் கேள்விக்கு எதிரே உள்ள தொகையைப் பார்த்து நீங்களே திடுக்கிடுவீர்கள். அதில் பத்தில் ஒரு பங்கை அடுத்த மாதம் மற்ற இரண்டுக்கும் மாற்றுங்கள். சம்பளம் உயரவும் வேண்டாம், வியாபாரம் பெருகவும் வேண்டாம். இருக்கிற பணத்திலேயே வீட்டில் சிரிப்புச் சத்தம் கூடும், இன்ஷா அல்லாஹ்.

அந்தத் தாம்பரம் சகோதரருக்கு இன்னொரு மகள் இருக்கிறாள். அவளுடைய நிக்காஹைப் பள்ளிவாசலில் வைத்துக்கொண்டு, முந்தின இரவுக்கு மட்டும் இன்னும் ஒரு ஜமக்காளம் கூடுதலாக வாங்கப் போவதாகச் சொல்கிறார். மாப்பிள்ளை வீட்டாரும் சம்மதிக்க வேண்டுமே என்பதுதான் அவர் கவலை. மாப்பிள்ளையாகப் போகும் வாலிபர்களே, இனி பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்!